‘_பிளாங்க்’: புதியதா, பெயரற்றதா?

ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு இணைப்புகள். ஒன்றை எத்தனை முறை சொடுக்கினாலும் அத்தனை தாவல்கள் குவிகின்றன. மற்றொன்று முதல் முறை மட்டும் புதுத் தாவலைத் திறக்கிறது. அடுத்த முறை, அதே தாவலில் ஏற்கெனவே இருந்த பக்கத்தைத் தள்ளிவிட்டு அங்கேயே வந்து உட்கார்கிறது. இதற்கு உலாவித் தயாரிப்பாளர்களின் தன்னிச்சையே காரணம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். எச்டிஎம்எல் தரநிலை ‘புதிய சாளரம்’ என்றது, உலாவிகள் தம் விருப்பத்துக்குத் தாவலைத் திறந்தன, குழப்பம் அங்கே தொடங்கியது என்பது அத்தரப்பின் வாதம். மூலத்தை வரிவரியாகப் படித்தால் அது நிற்பதாகத் தெரியவில்லை.

மூலம் என்பது 1999 டிசம்பர் 24 அன்று வெளியான எச்டிஎம்எல் 4.01. அதன் 6.16ஆம் பிரிவின்படி, இணைப்பின் இலக்குப் பண்பில் ‘_பிளாங்க்’ என்று குறித்த ஆவணத்தை உலாவி புதிய, பெயரற்ற சாளரமொன்றில் ஏற்ற வேண்டும். சாளரத்துக்கு இங்கே இரண்டு அடைகள். அந்தப் பழைய விளக்கம் முழுப் பாரத்தையும் ‘புதிய’ என்பதன் மேல் ஏற்றிவிட்டு, ‘பெயரற்ற’ என்பதை வெறும் ஒட்டாகக் கடந்துபோனது.

அதே ஆவணத்தின் 16.3.2ஆம் பிரிவை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இலக்காகக் குறித்த பெயரில் எந்தச் சட்டகமும் (பக்கம் ஏறும் சாளரப் பகுதி) இல்லையென்றால், உலாவி புதிய சாளரத்தை உருவாக்கி அந்தப் பெயரையே சூட்ட வேண்டும் என்கிறது அது. ஆக, ‘புதிய சாளரம்’ இரண்டு விதிகளுக்கும் பொது. ‘_பிளாங்க்’குக்கே உரிய தனி இயல்பு பெயரின்மைதான். பெயர் இல்லாததை மறுபடி கூப்பிட வழியில்லை. அதனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு தாவல். பெயர் உள்ளதைக் கூப்பிடலாம்; அதனால் இரண்டாம் சொடுக்கு பழைய தாவலுக்கே திரும்புகிறது. அடிக்கோட்டை மறந்து ‘பிளாங்க்’ என்று மட்டும் எழுதியவரின் பக்கத்தில் நடப்பது இதுவே. முன்சொன்ன முரண்பாட்டுக்கு விடை உலாவியில் இல்லை, ஓர் அடிக்கோட்டில் இருக்கிறது.

‘_நியூ’ என்று எழுதும் பழக்கம் இன்னும் சிக்கலானது. ஒதுக்கப்பட்ட நான்கு பெயர்களைத் தவிர மற்றவை எழுத்தில்தான் தொடங்க வேண்டும், அல்லாதவற்றை உலாவி பொருட்படுத்தாமல் விட வேண்டும் என்று 6.16 சொல்கிறது. உலாவிகளோ அதையும் சாதாரணப் பெயராகவே ஏற்கின்றன. இந்த ஓரிடத்தில் பழைய தரப்பின் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் உலாவிக்குத் தரநிலை இட்ட அந்த ‘வேண்டும்’ எவ்வளவு கண்டிப்பானது? ஆங்கில மூலத்தில் இருப்பது ‘மஸ்ட்’ அல்ல, ‘ஷுட்’. தமிழில் இரண்டையும் ‘வேண்டும்’ என்றே பெயர்க்கத் தோன்றும். இக்கட்டுரையும் அப்படித்தான் பெயர்த்தது. இத்தகைய சொற்களை 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 வரையறுத்தபடியே கொள்ளுமாறு எச்டிஎம்எல் 4.01 தன் 4ஆம் பிரிவில் அறிவிக்கிறது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று பெரிய எழுத்தில் மட்டும் அச்சிடவில்லை. அந்த வரையறையில் ‘ஷுட்’ என்பது பரிந்துரை. தக்க காரணம் இருந்தால், விளைவுகளை எடைபோட்டு விலகலாம். தாவல்கள் பரவியது அப்படியொரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை. சட்டகங்களைக் கொண்டுவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 வெளியான 1996இல் பெரும்பாலான உலாவிகளில் ஒரு பக்கத்தைப் புதிதாகத் திறக்கச் சாளரத்தை விட்டால் வேறு கொள்கலன் இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குத் தாவல் வந்ததே 2006இல், ஏழாம் பதிப்பில்தான். தரநிலையை வரைந்தவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று அறுதியிட முடியாதுதான். ஆனால் அவர்கள் ‘சாளரம்’ என்றதைத் தாவலுக்கு எதிரான தீர்ப்பாகப் படிப்பது, மாட்டுவண்டிக் காலத்துச் சாலை விதியில் காருக்குத் தடை தேடுவது போன்றது.

4.01இன் ‘ஸ்ட்ரிக்ட்’ வகை இலக்குப் பண்பையே விலக்கியதே என்பர் சிலர். ‘டிரான்சிஷனல்’ வகை அதை வைத்திருந்தது, அது போதும். நிரல்வழி அகல உயரம் குறித்துத் திறந்தால் அதே உலாவி தனிச் சாளரம் காட்டுகிறதே என்பது சற்று வலுவான ஆட்சேபம். ஆனால் அகலம் கேட்பதை மேல்தோன்றும் சாளரத்துக்கான வேண்டுகோளாகவே இன்றைய தரநிலை வகைப்படுத்துகிறது. அது வேறு விதி.

புதிய சாளரம் கேட்கும் இணைப்பு எங்கே திறக்க வேண்டும் என்பதற்கென பயர்பாக்ஸின் உள்ளமைப்பில் ஓர் எண் உண்டு: 3 என்றால் புதிய தாவல், 2 என்றால் புதிய சாளரம், 1 என்றால் இருக்கும் தாவலிலேயே. வழக்கமாக இருப்பது 3. பயனர் 1 என்று மாற்றிவிட்டால் ‘_பிளாங்க்’ புதிதாக எதையும் திறப்பதில்லை. இன்றைய தரநிலை அதற்கும் இடம் தருகிறது.