திருச்சபை அமைப்புச் சட்டம்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்துச் சீர்திருத்த சபைகள் பலவற்றை உட்கொண்ட திருநெல்வேலித் திருமண்டலம், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றுகூடித் தோற்றுவித்த தென்னிந்தியத் திருச்சபையின் அங்கமாதலின், அதன் அமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டதாகும். பேராயரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டி, சேகரக் கமிட்டி முதல் சினாடு வரையுள்ள மன்றங்களில் குருமாரோடு சாதாரண விசுவாசிகளையும் அமர்த்துவது இச்சட்டத்தின் பிரதான நோக்கம். ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பையில் விழும் நாணயத்துக்குக் கமிட்டியில் கணக்குக் கேட்பதும் இம்முறையைச் சார்ந்ததே. எனினும், மனச்சாட்சிக்கு விரோதமான வழிபாட்டு முறையையோ ஊழியத்தையோ எச்சபையின்மீதும் திணிப்பதில்லை என்ற உறுதிமொழியே இதன் மிகச் சிறந்த பகுதி எனலாம். மூன்று மரபுகளின் குருமாரும் மறு அபிஷேகமின்றியே ஏற்கப்பட்டனர். இணைப்பை அடுத்து வகுக்கப்பட்ட இடைக்காலம் 30 ஆண்டுகள்.