காக்கா, நரி, அப்புறம் அந்தக் கடைசி வரி

சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் வாங்கப் போனவங்களுக்குத் தெரியும். எதைப் புரட்டினாலும் கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம் கட்டி "இக்கதையால் அறியப்படும் நீதி"ன்னு ஒரு வரி இருக்கும். திண்டுக்கல்காரன் எனக்கு அதைப் பார்த்தாலே பூட்டு ஞாபகம்தான். கதையை இழுத்துச் சாத்தி, பூட்டி, சாவியை வாத்தியார் பையில போட்டுக்கிற மாதிரி.

இந்த வரி எங்கேருந்துதான் வந்துச்சு? பொட்டி தட்டுற நேரம் போக கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். சுவாரசியமான விஷயம் கிடைச்சுது.

ஈசாப் கதைகளை முதன்முதலா தொகுத்ததா சொல்லப்படுறவர் டெமெட்ரியஸ். கி.மு. 300 வாக்கில் வாழ்ந்த கிரேக்கர். அந்தத் தொகுப்பு இப்போ கிடைக்கலை. ஆனா அது குழந்தைகளுக்கானதில்லை, மேடையில பேசுறவங்களுக்கும் எழுதுறவங்களுக்கும் கைக்குறிப்பா இருந்திருக்கும்ங்கிறது ஆய்வாளர்கள் கருத்து. நன்றி கெட்டவனைத் திட்டணுமா, அதுக்கு இந்தக் கதைன்னு ஒவ்வொரு கதைக்கும் தலையில ஒரு வரி. அதாவது நம்ம பாஷையில சொன்னா, வெறும் இன்டெக்ஸ்! அது பின்னாடி கதையோட வாலுக்குப் போய், உபதேசமா மாறிடுச்சு.

நம்ம பஞ்சதந்திரம் மட்டும் என்னவாம்? விஷ்ணு சர்மா மூணு மக்கு இளவரசர்களை ஆறு மாசத்துல தேத்தச் சொன்ன கதைகள். அங்கே 'நீதி'ன்னா ராஜநீதி. நண்பர்களைப் பிரிக்கிறது எப்படி, எதிரி கோட்டைக்குள்ள உளவு புகுந்து கொளுத்துறது எப்படிங்கிற சமாச்சாரம். தமிழ் உரைநடையில அதைக் கொண்டுவந்தவர் தாண்டவராய முதலியார், 1826இல். அவர் தமிழ் சொல்லிக்கொடுத்த சென்னை கோட்டைக் கல்லூரி (1812) கம்பெனியின் வெள்ளைக்கார இளம் அதிகாரிகள் நம்ம மொழிகளைக் கத்துக்கிறதுக்காக வச்சது. ஆக, நாலு வயசுக் குழந்தைக்கு நாம வாங்கித் தர்ற ரெண்டு பெரிய கதைக் களஞ்சியமும் அந்த வயசுக்காகப் பொறந்ததே இல்லை.

அப்புறம் யாருய்யா இதைக் குழந்தைக்குக் கொடுத்தது? இங்கிலாந்துல ஜான் லாக் 1693இல் எழுதின கல்வி நூலில், குழந்தை படிக்கப் பழகினதும் ஈசாப்பைக் கொடுங்க, படம் போட்ட புத்தகமா இருந்தா இன்னும் நல்லதுன்னு சொல்றார். 1762இல் பிரான்சில் ரூசோ அதுக்கு நேரெதிர். அவர் எடுத்துக்கிட்ட உதாரணம் என்ன தெரியுமா? நம்ம காக்கா-நரி கதையேதான் (அங்கே வடைக்குப் பதிலா பாலாடைக்கட்டி). முகஸ்துதிக்கு மயங்காதேன்னு நீங்க நினைச்சுச் சொல்றீங்க, குழந்தையோ காக்காயைப் பார்த்துச் சிரிச்சுட்டு நரி பக்கம் போயிடும்ங்கிறார். மனுஷன் சொன்னது நியாயம்தானே? நரிதானே ஜெயிக்குது!

இதே மாதிரி ஒரு கதை பௌத்த ஜாதகத்துலயும் உண்டு. அங்கே காக்காயும் நரியும் ஒண்ணை ஒண்ணு புகழ்ந்துக்கிட்டு நாவல்பழம் தின்னும். கடைசியில மரத்துல இருக்கிற தேவதை ரெண்டையும் விரட்டி விட்டுடும். நம்ம ஊர்ல வடை சுடுற பாட்டி நுழைஞ்சுட்டாங்க. அதனால காக்காயே திருடன்! எங்க அக்கா பொண்ணுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவ கேட்டது நரியைப் பத்தியும் இல்லை, காக்காயைப் பத்தியும் இல்லை. "மாமா, பாட்டிக்கு வடை?" அந்தக் கேள்விக்கு எந்தக் கட்டத்துலயும் பதில் அச்சடிக்கலை. ஆனா உண்மையான நீதி அங்கேதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

சரி, அறிவுரை இல்லாம நீதி உள்ளே போகுமா? போகும்ங்கிறதுக்குச் சாட்சி காந்தி. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போற வழியில இருக்கிற காந்திகிராமம் 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கினது. அந்த ஊருக்குப் பேர் கொடுத்த மனுஷர் தன் சுயசரிதையில் ஒரு விஷயம் சொல்றார். சின்ன வயசுல அப்பா வாங்கி வச்ச சிரவணன் நாடகப் புத்தகத்தைப் படிச்சதும், ஊர் ஊரா படம் காட்டி வந்தவங்க காட்டின ஒரு படமும் மனசை விட்டு அழியலையாம். கண் தெரியாத அப்பா அம்மாவைக் காவடி கட்டித் தோள்ல சுமந்து போற சிரவணன். அந்தச் சுமைதான் பாடம்.

நம்ம அம்புலிமாமாவையும் பாருங்க. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் ஆரம்பிச்சது, 2010களின் தொடக்கத்துல நின்னு போச்சு. 1952இல் அங்கே சேர்ந்த ஓவியர் சங்கர் (2020இல் மறைந்தார்) வரைஞ்ச விக்கிரமாதித்தன், கையில கத்தி, தோள்ல வேதாளம்... மறக்க முடியுமா? வேதாளம் கதை முடிஞ்சதும் நீதி சொல்லாது, கேள்வி கேட்கும். ராஜா வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நாம ஒரு பதில் யோசிச்சிருப்போம்.

இதையெல்லாம் வச்சு, புத்தகக் கடையில நான் பார்க்கிறது மூணே மூணு:

1. கடைசி வரியைக் கையால மறைச்சுட்டுப் படிங்க. கதை அப்பவும் நிக்குதா? நின்னா வாங்கலாம்.

2. எழுத்தை விட்டுட்டுப் படத்தை மட்டும் புரட்டுங்க. யாருக்கு வலிச்சுது, யாரு உதவினான்னு முகத்துலயே தெரியணும்.

3. தப்பு பண்ணினவனுக்கு என்ன ஆகுது? அடி, உதை, புலி தின்னுடுச்சுன்னு முடிஞ்சா அங்கேயே வச்சுடுங்க. பயம் வேற, நீதி வேற. திரும்பி வந்து மன்னிப்பு கேட்க ஒரு பக்கம் மிச்சம் இருக்கிற கதை நாலு வயசுக்குப் போதும்.

சென்னையில 1996இல் தொடங்கின தூலிகா மாதிரி பதிப்பகங்கள் தமிழ்ல படப் புத்தகம் போடுறாங்க. நேஷனல் புக் டிரஸ்டோட நேரு பால புத்தகாலய வரிசையும் இருக்கு. விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கடைசிப் பக்கத்தைப் பாருங்க மக்களே. அங்கே கட்டம் இல்லைன்னா கவலைப்படாதீங்க. அந்த இடம் உங்க வீட்டு வாண்டு கேள்வி கேட்கிறதுக்கு.