வேட்டைத் தோட்டாவும் ஆள்வோர் அச்சமும்

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் தாயகம் திரும்ப விமானமேறும் டம்டம், முற்காலத்தில் பீரங்கிப் படையின் பாசறையும் ஆயுதச்சாலையும் அமைந்திருந்த ஊர். புதிய என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாக 1857ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேச்சு எழுந்தது அங்கேதான். அந்நாளில் தோட்டா என்பது ஒரு காகித உறை. வீரன் அதன் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலிற் கொட்டி, குண்டை மேலே இட்டு இடித்தல் வேண்டும். பேச்சுப் பரவியதும், சிப்பாய்கள் தமக்கு உகந்த பொருளைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்று அரசு இணங்கிற்று. காலங்கடந்த இணக்கம் அது. மே 10ஆம் நாள் மீரட்டில் படை எழுந்தது. வேலூரில் 1806ஆம் ஆண்டு தலைப்பாகை செய்த வேலையை வடக்கே தோட்டா செய்தது எனலாம்.

அந்த ஆண்டை ஆங்கில அரசு மறக்கவே இல்லை. இந்தியப் படைகளுக்கு ஆங்கிலப் படையினும் ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியையே வழங்குவது வழக்கமாயிற்று. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ, ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்தியர் உரிமம் பெற்றே ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றது. இதே அச்சம் வேட்டைக்காரரின் தோட்டாவையும் உருமாற்றிய வரலாறு பலர் அறியாதது.

வேட்டைக்குத் தோட்டா தேர்பவன் எதனைக் கருதுவான்? விலங்கின் பருமன், சுடும் தொலைவு, தன் தோள் தாங்கும் உதைப்பு, இவை மூன்றும் எந்த நாட்டிலும் பொது. புதருக்குள்ளிருந்து பாயும் புலிக்கும் காட்டெருமைக்கும் கனத்த குண்டு வேண்டும். மலைச்சரிவில் எட்ட நிற்கும் ஆட்டுக்கு, இலேசான குண்டு விரைந்து, அதிகம் தாழாமற் செல்லவேண்டும். இந்தியாவிலோ நான்காவது ஒன்றும் சேர்ந்தது. அதுதான் வெயில்.

1890களில் கரும்புகை கக்கும் பழைய மருந்து போய், கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வேட்டைத் துப்பாக்கிக்கும் வந்தது. கயிறு போன்ற இழைகளாகத் திரிக்கப்பட்ட இம்மருந்தின் முதல் வகையில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின். சூடேறச் சூடேற இதன் வேகம் மிகும். இங்கிலாந்தின் குளிரில் அளந்து நிரப்பிய தோட்டா, சித்திரை வெயிலிற் கிடந்தபின் வெடித்தால் குழலுள் அழுத்தம் எல்லை கடக்கும்; பித்தளைக்கூடு விரிந்து துப்பாக்கியின் அறையிலேயே இறுகிக்கொள்ளும். காயம்பட்ட புலி எதிரே வரும்போது பழைய கூட்டை வெளியே இழுக்க முடியாதவன் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே ஆங்கிலத் துப்பாக்கிக் கம்மியர் இரண்டு உபாயம் கண்டனர். கூட்டைப் பெரிதாக்கி அழுத்தத்தைத் தணித்தனர். வெப்பநாட்டிற்கென்று மருந்தைச் சற்றுக் குறைத்துத் தனித் தோட்டா செய்தனர். ஒரே துப்பாக்கிக்கு ஊர்தோறும் வேறு அளவில் மருந்து என்பது அந்நாளில் புதுமையான எண்ணமே.

இந்த முறையில் 1898ஆம் ஆண்டு ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .450 தோட்டா பெரும்புகழ் பெற்றது. எண் குறிப்பது குழலின் விட்டத்தை. அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் 450 கூறு. குண்டின் எடை 480 கிரெயின், அதாவது ஏறத்தாழ 31 கிராம். வேகம் நொடிக்கு 2150 அடி. யானைக்கும் காட்டெருமைக்கும் இதனினும் உகந்தது இல்லை என்று வேட்டைக்காரர் கருதிய வேளையில் தடை வந்தது.

காரணம் இது. 1871ஆம் ஆண்டு ஆங்கிலப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் .450 விட்டமே. அத்துப்பாக்கிகள் இந்தியப் படையினரிடமும், திருட்டு வழியாகவும் உள்ளூர்க் கொல்லரின் கைத்திறத்தாலும் வடமேற்கு எல்லைப் பழங்குடியினரிடமும் ஏராளமாகப் பரவியிருந்தன. வேட்டைத் தோட்டா மார்ட்டினியின் அறையிற் பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும் அதன் குண்டைக் கழற்றி, பழைய மார்ட்டினிக் கூட்டிற் பொருத்திக் கையாலேயே புதுத்தோட்டா ஆக்கிவிட்டால்? வேட்டைக்காரன் சிக்கனத்திற்காகவும் துல்லியத்திற்காகவும் வீட்டு மேசைமேல் அமைதியாய்ச் செய்யும் அதே தொழில், எல்லைப்புறத்தில் கலகத்திற்கு உணவாகும் என்று அரசு அஞ்சிற்று. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இந்தியாவிலும் சூடானிலும் .450 துப்பாக்கிகள் விலக்கப்பட்டன.

கம்மியர்களுக்கு இந்தியாவே பெருஞ்சந்தை. அதனை விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. சட்டம் விலக்கியது ஓர் எண்ணைத்தானே! எண்ணை மாற்றினால் தீர்ந்தது. ஹாலந்து நிறுவனம் .500 கூட்டின் கழுத்தைச் சுருக்கி .465 ஆக்கிற்று. ஜோசப் லாங் என்பவர் .470 தந்தார். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 என்றது. அருகருகே வைத்துப் பார்த்தால் விலங்கின்மேல் இவற்றின் விளைவில் பெரிய வேற்றுமை காண்பதரிது. .470இன் குண்டு 500 கிரெயின். வேகம் அதே 2150 அடி. புலியின் தோலோ யானையின் எலும்போ கேளாத புதுமையைச் சட்டப்புத்தகம் கேட்டது, தொழிலகம் கொடுத்தது. ஒவ்வொரு கம்மியரும் தம் பெயரால் தனித்தோட்டா வைத்துக்கொண்ட போட்டியும் இதனால் வளர்ந்தது. வாங்கியவன்தான் வருந்தினான், தொலைவூரிற் பணிபுரியும் அதிகாரி, அந்த ஒரு தோட்டாவுக்காகக் கப்பலை எதிர்நோக்கியிருக்க வேண்டியதாயிற்று.

நெடுந்தொலைவுத் தோட்டாவின் கதை வேறுவிதம். 1907ஆம் ஆண்டு சம்பாவத்து ஆட்கொல்லிப் புலியைக் கொன்ற ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹூவெட் பரிசளித்தது ரிக்பியின் .275 துப்பாக்கி. அதன் தோட்டா ஆங்கிலப் பெயர் பூண்ட ஜெர்மானியச் சரக்கே. மௌசர் நிறுவனம் 1890களின் தொடக்கத்தில் படைக்காகச் செய்த 7 மில்லிமீட்டர் தோட்டா அது. இலேசான குண்டு, மென்மையான உதைப்பு, மலைப்பள்ளத்தாக்கைக் கடந்து செல்லும் தட்டையான பாதை. குமாவூன் மலைக்கு அது பொருந்தியதில் வியப்பில்லை. 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தை வீழ்ந்ததும் இத்தோட்டாவினால்தான்.

பரிசு பெறும் பேறில்லாத எளிய உரிமதாரருக்கு எது கிடைத்தது? படையின் .303 தனியாருக்கு விலக்கு. அதன் இடத்தை .315 பிடித்தது. ஆஸ்திரியப் படையின் பழைய மான்லிச்சர் தோட்டாவே இது. விடுதலைக்குப் பின்னும் விலக்கு நீடித்தது. 1959ஆம் ஆண்டின் புதிய ஆயுதச் சட்டம் இன வேற்றுமையை நீக்கிய போதிலும், படைத்தோட்டா படைக்கே என்னும் கொள்கையை நீக்கவில்லை. வங்காளத்து இஷாப்பூரில் துப்பாக்கியும் புனேயை அடுத்த கட்கியில் தோட்டாவும் செய்யப்பட்டன. பயிரழிக்கும் பன்றியை விரட்டும் உழவனும் வங்கிக் காவலனும் ஏந்தியது, வியன்னா நகரத்தார் என்றோ கைவிட்ட தோட்டாவை!

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டு அதன் திருத்தமும் வந்தபின், வேட்டைக்குத் தோட்டா தேரும் கலைக்கு இந்நாட்டில் வேலையில்லாது போயிற்று. கார்பெட்டின் துப்பாக்கி 2015இல் ரிக்பி நிறுவனத்திடமே திரும்பிச் சேர்ந்தது. இந்தியச் சட்டத்திற்காகப் பிறந்த .470 தோட்டாவோ, ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் செல்வோருக்காக இன்றும் செய்யப்பட்டு வருகிறது.