பேக்-12 என்னும் பெயர்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்புகளின் பெயர்களை அவற்றின் உறுப்பினர் பட்டியலோடு சேர்த்துப் படித்தால் குழப்பமே மிஞ்சும். பிக் டென் அமைப்பில் இன்று 18 பல்கலைக்கழகங்கள். பிக் 12இல் 16. அட்லாண்டிக் கோஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்ட அமைப்பில், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் சேர்ந்திருக்கின்றன. பேக்-12 என்ற பெயரோடு 2024ஆம் ஆண்டின் கால்பந்துப் பருவத்தில் இறங்கியவை இரண்டே அணிகள். (கால்பந்து என்று இங்கே சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை.) பெயரும் பொருளும் இப்படிப் பிரிந்து போனதில் கேபிள் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அது பரவிய காலத்தில் அமைப்புகள் பெருத்தன. மக்கள் அதைத் துண்டிக்கத் தொடங்கியபோது நூற்றாண்டு கண்ட அமைப்பு ஒன்று சிதறியது. அந்தச் சிதறலை முழுக்கச் சுமந்து நிற்கும் பெயர் பேக்-12.

இந்த அமைப்புகளை அங்கே கான்ஃபரன்ஸ் என்பார்கள். விளையாட்டுக்கு லீக் என்ற சொல் இருக்க, கூடிப் பேசுவதைக் குறிக்கும் சொல் எப்படி வந்தது? உண்மையாகவே கூடிப் பேசியதால் வந்தது. 1895 ஜனவரியில் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஹோட்டலில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். படிக்க வராதவர்களையும் அணியில் இறக்கி ஆடவைக்கும் வழக்கத்துக்குக் கடிவாளம் போடுவது அவர்களின் கவலை. மறு ஆண்டு பிறந்த அமைப்பின் பெயரிலேயே ஆசிரியப் பிரதிநிதிகள் இருந்தார்கள். பின்னாளில் பத்திரிகைகள் அதைச் செல்லமாகப் பிக் டென் என்றன. அந்தச் செல்லப்பெயர் சட்டப்படி பதிவானது 1987இல்தான். ஆக, கான்ஃபரன்ஸ் என்ற சொல்லுக்குள் இன்னும் சில பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தொலைக்காட்சி ஒப்பந்தம் பேசும் அறையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

பேக்-12இன் வேர் 1915இல், ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் இருக்கிறது. பெர்க்லி, வாஷிங்டன், ஆரிகன், இன்று ஆரிகன் ஸ்டேட் எனப்படும் வேளாண் கல்லூரி ஆகிய நான்கும் சேர்ந்து பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸைத் தொடங்கின. பெயரில் எண் இல்லை, இடம் மட்டுமே இருந்தது. வீரர்களுக்குத் திரைமறைவில் பணம் போன விவகாரம் வெடித்து, 1959இல் அந்த அமைப்பு கலைந்தது. அதே ஆண்டு ஐந்து பல்கலைக்கழகங்கள் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சங்கம் என்று புதிதாகத் தொடங்கின. அந்த நீளப் பெயரை யார் உச்சரிப்பது? பிக் ஃபைவ் என்றார்கள். வாஷிங்டன் ஸ்டேட் வந்ததும் பிக் சிக்ஸ் என்றார்கள். 1968இல் பசிபிக்-8 என்பது முறையான பெயரானது. 1978இல் அரிசோனாவின் இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்ததும் பசிபிக்-10. 2011இல் கொலராடோவும் யூட்டாவும் சேர, பேக்-12.

இந்த வரிசையில் எண் ஒருபோதும் பொய் சொல்லவில்லை. உறுப்பினர் கூடினால் பெயரையும் திருத்தினார்கள். பிக் டென்னோ வேறு வழியில் போனது. 1990இல் பென் ஸ்டேட் பதினோராவதாக வந்தபோது பெயரை மாற்ற மனமில்லாமல், சின்னத்தில் எழுத்துகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் 11 என்ற எண் தெரியும்படி வரைந்தார்கள். அந்தச் சின்னத்தை உற்றுப் பார்த்தால் ஒரு நேர்மை தெரியும்: பெயரை விட முடியவில்லை, கணக்கையும் மறைக்க விரும்பவில்லை. பிறகு 12 ஆனபோது அந்த முயற்சியையும் விட்டுவிட்டார்கள். அடுத்து 14 ஆனது. பத்து என்பது எண்ணிக்கையாக இருப்பதை நிறுத்திவிட்டது.

14க்குப் போனதன் காரணத்தில்தான் கேபிளின் கதை இருக்கிறது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கால்பந்து ஒளிபரப்பு உரிமையைத் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்துவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. உரிமை பல்கலைக்கழகங்களின் கைக்கு வந்தது. கான்ஃபரன்ஸ்கள் அதை மொத்தமாக விற்றன. 1979இல் கனெக்டிகட் மாநிலத்து பிரிஸ்டலில் தொடங்கிய ஈஎஸ்பிஎன் போன்ற சேனல்கள் வாங்கின. சேனல்களுக்குப் பணம் கேபிள் கட்டணத்திலிருந்து வந்தது. ஆட்டம் பார்க்கிற வீடும் தந்தது, பார்க்காத வீடும் தந்தது. நம் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது போலத்தான். தேர் பார்க்க வராதவரும் வரி கொடுத்தால்தான் தேர் நகரும். ஈஎஸ்பிஎன் ஒன்றுக்கு மட்டும் வீட்டுக்கு மாதம் 9 டாலருக்கு மேல் போனது என்பது பிற்காலச் சந்தைக் கணிப்பு. பயனர் ரசீதில் அது தனியாகத் தெரியாது. மொத்தத் தொகைக்குள் கரைந்திருக்கும்.

வீட்டுக்கு இவ்வளவு என்று வந்துவிட்டால், எத்தனை வீடு என்பதே கேள்வி. 2007இல் பிக் டென் சொந்தச் சேனல் தொடங்கியது. ஃபாக்ஸ் நிறுவனம் பங்காளி. 2014இல் ரட்கர்ஸையும் மேரிலண்டையும் சேர்த்ததற்கு அவற்றின் கால்பந்துத் திறமை காரணமில்லை. ரட்கர்ஸுக்குப் பின்னால் நியூயார்க் வட்டார வீடுகள் இருந்தன, மேரிலண்டுக்குப் பின்னால் வாஷிங்டன் நகர வட்டாரத்து வீடுகள். ஒரு பல்கலைக்கழகத்தை அதைச் சுற்றியுள்ள கேபிள் இணைப்புகளால் எடைபோட்ட காலம் அது.

பேக்-12உம் அந்த வழியில் இறங்கியது, ஆனால் தனியாக. ஆணையர் லாரி ஸ்காட் 2011இல் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸுடன் 12 ஆண்டுகளுக்குச் சுமார் 300 கோடி டாலர் ஒப்பந்தம் முடித்தார். 2012 ஆகஸ்டில் சொந்தச் சேனல்கள் வந்தன: நாடு முழுதுக்கும் ஒன்று, வட்டாரங்களுக்கு ஆறு. பங்காளி யாருமில்லை, லாபம் முழுக்க நமக்கே என்பது கணக்கு. பின்பலமாகப் பெரிய ஒளிபரப்பு நிறுவனம் இல்லாததால் விநியோகஸ்தர்களிடம் பேரம் பேச வலு இல்லாமல் போனது. கோடிக்கணக்கான வீடுகளை வைத்திருந்த டைரக்டிவி கடைசி வரை அந்தச் சேனல்களை ஏற்கவே இல்லை.

ஆனாலும் அந்தச் சேனல்களை நான் தோல்வி என்று தள்ளமாட்டேன். பெண்கள் வாலிபால், சாஃப்ட்பால், ஜிம்னாஸ்டிக்ஸ், வாட்டர் போலோ என்று ஆண்டுக்கு 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை அவை நேரடியாகக் காட்டின. பேக்-12க்கு இன்னொரு பெயரும் உண்டு: கான்ஃபரன்ஸ் ஆஃப் சாம்பியன்ஸ். என்சிஏஏ பட்டங்கள் ஐந்நூறைத் தாண்டிய முதல் அமைப்பு அது. முன்னாள் கூடைப்பந்து வீரர் பில் வால்டன் வர்ணனையில் அமர்ந்தபோதெல்லாம் அந்தப் பெயரை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டங்களில் பெரும்பாலானவை கால்பந்தில் வந்தவை இல்லை. யாரும் காசு கொடுத்துத் தேடிப் பார்க்காத விளையாட்டுகளில் நீந்தியும் ஓடியும் வென்றவை.

இதற்கிடையே கார்டு கட்டிங் என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருந்தது. முதலில் அது வீட்டுத் தொலைபேசியை விட்டுக் கைபேசிக்கு மாறியவர்களைக் குறித்தது. பிறகு கேபிளை விட்டவர்களுக்கு நிலைத்தது. 2011வாக்கில் ஈஎஸ்பிஎன் சுமார் 10 கோடி வீடுகளில் இருந்தது. 2023இல் சுமார் 7 கோடி. 2015 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன்னின் தாய் நிறுவனமான டிஸ்னியின் தலைவர் பாப் ஐகர் ஈஎஸ்பிஎன் சந்தாதாரர்கள் கொஞ்சம் குறைந்திருப்பதாக ஒப்புக்கொண்டதுமே ஊடக நிறுவனப் பங்குகள் சரிந்தன. கேபிளை விட்டவர்களில் பலர் விளையாட்டே பார்க்காதவர்கள். அவர்கள் தந்த பணத்தில்தான் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.

சேனல்கள் கையை இறுக்கின. இருக்கும் பணத்தைப் பெரிய கூட்டம் இழுக்கும் ஆட்டங்களில் மட்டும் போட்டன. பிக் டென்னுக்கு 2022இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் சேர்ந்து ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் தந்தன. அந்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, ஜூன் 30 அன்று, பேக்-12இல் இருந்த லாஸ் ஏஞ்சலீஸின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்துவிட்டன. பிக் 12 அமைப்பும் அவசரமாக ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸுடன் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டது. பேக்-12 காத்திருந்தது. சந்தையில் மிச்சமிருந்த பணம் குறைவு.

2023 ஆகஸ்ட் முதல் வாரம் பேக்-12இன் முன் வந்த முக்கியத் திட்டம் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங். கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர் அடிப்படை, சந்தாதாரர் கூடக் கூட அதற்கு மேல் என்று செய்திகள் வந்தன. வராதவரிடம் வரி வசூலிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. பார்ப்பவர் மட்டுமே தருவார். கையெழுத்தாகும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஆகஸ்ட் 4 அன்று வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்குப் போயின. அன்றே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்குப் போயின; கொலராடோ ஒரு வாரம் முன்பே போயிருந்தது. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்டில் அடைக்கலம் புகுந்தன, அதுவும் குறைந்த பங்குக்கு ஒப்புக்கொண்டு. ஸ்டான்ஃபர்டின் வாலிபால் பெண்கள் இப்போது பாஸ்டன் காலேஜோடு அங்கே போய் ஆட 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். கால்பந்து ஒப்பந்தத்துக்காக எடுத்த முடிவின் பயணக் களைப்பை, அந்த ஒப்பந்தத்தில் பெயர்கூட இல்லாதவர்கள் சுமப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கப், வழக்கமாக நவம்பரில் பருவத்தை முடித்துவைக்கும் ஆட்டம். 2024இல் அது செப்டம்பர் நடுவில், வெவ்வேறு அமைப்புகளின் அணிகளாக ஆடிய ஆட்டமாகிவிட்டது.

மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். விலகிப் போகிறவர்கள் அமைப்பின் நிர்வாகத்தில் வாக்களிக்கக் கூடாது என்று இரண்டும் நீதிமன்றம் போய் வென்றன. சேனல்கள் 2024 ஜூன் இறுதியில் மூடப்பட்டன. பெயர், சின்னம், நிகழ்ச்சித் தயாரிப்புக்கூடம் எல்லாம் இந்த இரண்டின் பொறுப்புக்கு வந்தன. அவை பெயரை விடவில்லை. பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட், கால்பந்து அணியே இல்லாத கன்சாகா என்று அடுத்தடுத்து அழைத்து, தங்களையும் சேர்த்து 2026க்கு ஒன்பது உறுப்பினர்களாக்கியிருக்கிறார்கள். முக்கிய ஒளிபரப்பாளராக சிபிஎஸ் வந்திருக்கிறது. 1959 முதல் எண்ணுக்கேற்பப் பெயரைத் திருத்திய பழக்கத்தின்படி இதற்குப் பேக்-9 என்று பெயர் வைத்திருக்க வேண்டும். அவர்கள் பேக்-12 என்றே வைத்துக்கொண்டார்கள்.