பெயர் தொலைந்த யோகினியர்

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தில் வெகுநேரம் அண்ணாந்து நின்றால் கழுத்து வலிக்கும். விதானத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் வரலாறுகள். காட்சிகளுக்கு அடியில் இன்னார், இன்ன நிகழ்வு என்று தமிழ்க் குறிப்புகள். மண்டபத்தை 1387-88இல் கட்டுவித்தவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். 1934இல் டி. என். இராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியகத்துக்காக இக்கோயிலைப் பற்றி நூல் எழுதியபோது அக்குறிப்புகள் அவருக்குக் கைவிளக்காயின.

உடன் வந்த நண்பருக்கு, ஊர் நினைவாக ஏதேனும் கலைப்பொருள் வாங்கிச் செல்ல ஆசை. விதானத்தை விலைபேச முடியாது. வேகவதியைக் கடந்து காஞ்சிக்குப் போனால் பட்டு கிடைக்கும். (பெயரில் பருத்தியை வைத்திருக்கும் ஊருக்கு வாய்த்த அண்டை ஊர் அப்படி!) அவர் ஆசையைச் சொன்னதும் எனக்கு 1926ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், பல்லவர் வரலாற்றுக்கும் தென்னிந்தியக் கட்டடக்கலை ஆய்வுக்கும் அடித்தளமிட்டவர்களில் ஒருவர். நாம் நன்றி பாராட்ட வேண்டியவரும்கூட. அவரே அவ்வாண்டில் காஞ்சிப் பகுதியிலிருந்து, ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினிச் சிற்பங்களைத் திரட்டினார். அவை பாரிசில் சி. டி. லூ என்னும் கலைப்பொருள் வணிகரின் கைக்குப் போய், பின்னர் லண்டன், வாஷிங்டன், டொராண்டோ, டெட்ராய்ட், மினியாபொலிஸ் எனச் சிதறின. பத்மா கைமல் 2012இல் வெளியிட்ட நூல் இப்பயணத்தைத் தேடிச் சென்றது.

அங்கே போனதால்தான் அவை பிழைத்தன என்பார் உண்டு. கல்லைப் பொறுத்தவரை அப்படியும் இருக்கலாம். ஆனால் அவர்கள் ஒன்றாக வீற்றிருந்த கோயில் எது, ஒருத்திக்குப் பக்கத்தில் இருந்தவள் யார் என்பதெல்லாம் இன்று ஊகமே. விதானத்தில் இருப்பதுபோல அடியில் ஒரு வரிக் குறிப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. நூறாண்டு கடந்த சிற்பத்தைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டம் 1972இல்தான் வந்தது.

நண்பர் கடைசியில் கோர்வைச் சேலை ஒன்று எடுத்தார். உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இழையோடு இழை கோர்ப்பது. கைத்தறியில் இருவர் உழைப்பு. பில்லில் கடையின் பெயர் பெரிதாக இருந்தது. நெய்தவர் யார் என்று கேட்டார். கடைக்காரர் சற்றே விழித்துவிட்டு, “பிள்ளையார்பாளையத்துத் தறிங்க” என்றார். எந்தத் தெரு என்றும் விசாரித்து, பில்லின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார் நண்பர்.