சென்னைக் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறையில் வெளிப்படைத்தன்மையும் சந்தைப் போட்டியும் (2003–2018)

ஆய்வுச்சுருக்கம்

விலை வெளிப்படையானால் சந்தையில் போட்டி தானே உருவாகும் என்னும் எதிர்பார்ப்பு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையில் நெடுநாளாக இருந்து வருகிறது. நிபந்தனை அணுகல் முறையை (சி.ஏ.எஸ்.) இந்தியாவில் முதலில் ஏற்ற சென்னையின் வரலாறு அவ்வெதிர்பார்ப்பை ஐயத்துக்குள்ளாக்குகிறது. விலையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் முன்னதாகவும் சந்தைக் கட்டமைப்பு பற்றிய அக்கறை மிகப் பின்னதாகவும் வந்தமையே இதற்குக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கேபிள் தொலைக்காட்சி, டிராய், சி.ஏ.எஸ்., முற்றுரிமை, அரசு கேபிள்

முன்னுரை

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபின் சென்னையில் கேபிள் இணைப்பு விரைந்து பரவியது. மயிலாப்பூர் மாடவீதிகள், தியாகராய நகரின் குறுக்குத் தெருக்கள், அடையாற்றின் குடியிருப்புகள் என எங்கும் மாடிக்கு மாடி கம்பி இழுத்த சிறு ஆபரேட்டர்களே இத்தொழிலின் அடித்தளமாயினர். அவர்களுக்குச் சிக்னல் வழங்கியவை எம்.எஸ்.ஓ. எனப்படும் மொத்த விநியோக நிறுவனங்கள். சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன், ஹாத்வே ஆகியவை சென்னையில் அவற்றுள் முதன்மையானவை. சேனலை நடத்தும் குழுமமே அதனை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் வலையமைப்பையும் உடைமையாகக் கொண்டிருந்தது என்பது இவ்வரலாற்றில் கருதத்தக்கது.

சந்தாதாரர் எண்ணிக்கைக்கு ஆபரேட்டர் கூறுவதே கணக்கு. எந்தச் சேனலுக்கு எவ்வளவு செலுத்துகிறோம் என்பதைப் பார்வையாளர் அறிய வழியில்லை.

சி.ஏ.எஸ்.: வெளிப்படைத்தன்மையின் முதல் முயற்சி

இக்குறையைக் களைய, 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2002 டிசம்பரில் திருத்தப்பட்டது. கட்டணச் சேனல்களைச் செட்-டாப் பாக்ஸ் வழியாக மட்டுமே பெறலாம். குறைந்தது 30 இலவசச் சேனல்கள் கொண்ட அடிப்படைத் தொகுப்புக்கு மாதம் 72 ரூபாய் எனக் கட்டணம் வரையறுக்கப்பட்டது. நான்கு பெருநகரங்களுக்கும் அறிவிக்கப்பட்ட இம்முறை 2003 செப்டம்பர் 1இல் சென்னையில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. ஏனைய நகரங்களில் சில பகுதிகள் மட்டுமே குறிக்கப்பட்டிருக்க, சென்னையில் மாநகர் முழுவதும் இதில் அடங்கியது.

தமிழ்ச் சேனல்கள் பல இலவசத் தொகுப்பிலேயே கிடைத்தமையால் பெட்டி வாங்கிய இல்லங்கள் குறைவாகவே இருந்தன. எனினும் சேனல்வாரியாக விலை அறியும் உரிமை பார்வையாளருக்கு முதன்முறையாகக் கிட்டியது. அவ்விலை நியாயமானதா என ஆராயத் தற்சார்புடைய ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று அப்போது இல்லை. 1997இல் நிறுவப்பட்ட டிராயின் வரம்புக்குள் ஒளிபரப்பும் கேபிள் சேவையும் 2004 ஜனவரி 9இல்தான் கொண்டுவரப்பட்டன.

டிராயின் தலையீடு

டிராய் 2004 ஜனவரியில் அப்போதிருந்த கட்டணங்களையே உச்சவரம்பாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்ட இணைப்பு விதிமுறைகள், கேட்கும் விநியோகஸ்தர் அனைவருக்கும் பாகுபாடின்றிச் சிக்னல் வழங்கவேண்டும் எனச் சேனல் நிறுவனங்களைப் பணித்தன. 2006 ஆகஸ்ட் 31ஆம் நாள் ஆணை, சி.ஏ.எஸ். பகுதிகளில் கட்டணச் சேனல் ஒன்றுக்கு 5 ரூபாயும் அடிப்படைத் தொகுப்புக்கு 77 ரூபாயும் உச்சவரம்பு என அறிவித்தது. இவை பார்வையாளருக்கு உண்மையான பயன் தந்தவை. ஆயினும் இவை அனைத்தும் விலையையும் நடத்தையையும் பற்றியவை. வலையமைப்பு யாருடையது என்ற வினாவை எதுவும் எழுப்பவில்லை.

அரசே போட்டியாளராதல்

அவ்வினா அரசியல் களத்தில் எழுந்தது. 2006 ஜனவரியில் கேபிள் வலையமைப்புகளை அரசுடைமையாக்கும் சட்டமுன்வடிவு தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எனினும் நடைமுறைக்கு வரவில்லை. அடுத்து வந்த ஆட்சியில் 2007 அக்டோபரில் அரசு கேபிள் டிவி கழகம் உருவாக்கப்பட்டது. செயலற்றுக் கிடந்த அக்கழகம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் புத்துயிர் பெற்று, 2012 அக்டோபரில் சென்னைக்குள் நுழைந்தது.

கட்டணம் குறைந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவரே ஆட்டக்காரருமாகும் நிலை இதனால் தோன்றியது. ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் மாநில அரசுகளையும் அவற்றின் நிறுவனங்களையும் அனுமதிக்கலாகாது என டிராய் 2012 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஆயினும் 2017இல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் வழங்கப்பட்டது.

2013 நவம்பரில் கேபிள் முற்றுரிமை குறித்து டிராய் அளித்த பரிந்துரைகள், ஒரே எம்.எஸ்.ஓ. ஆதிக்கம் செலுத்தும் மாநிலங்களுள் ஒன்றாகத் தமிழ்நாட்டைச் சுட்டின. நிறுவனங்களின் சந்தைப் பங்கு விழுக்காடுகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பெறும் ஹெர்ஃபின்டால் குறியீடு 2500ஐத் தாண்டலாகாது என்பது அதன் அளவுகோல். சென்னையில் சி.ஏ.எஸ். தொடங்கிப் பத்தாண்டுகள் கழிந்தபின் வந்த அளவுகோல் இது.

சென்னை உயர் நீதிமன்ற வழக்கு

2017ஆம் ஆண்டின் புதிய கட்டண ஆணை, ஒவ்வொரு சேனலுக்கும் அதிகபட்சச் சில்லறை விலையை வெளியிடுமாறு கோரியது. இதனை எதிர்த்து ஸ்டார் இந்தியாவும் விஜய் தொலைக்காட்சியும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. 2018 மார்ச்சில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். மூன்றாம் நீதிபதி டிராய் பக்கம் நின்றார். 2018 அக்டோபர் 30இல் உச்ச நீதிமன்றமும் டிராயின் அதிகாரத்தை உறுதிசெய்தது. எனினும் தொகுப்புத் தள்ளுபடிக்கு விதிக்கப்பட்ட 15 விழுக்காட்டு வரம்பு உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. சேனலின் தனிவிலையை உயர்த்தித் தொகுப்பின் விலையைத் தாழ்த்தினால், அறிவிக்கப்பட்ட விலைப்பட்டியல் இருந்தும் பார்வையாளரின் தெரிவு குறுகும் என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

2003இல் சென்னைப் பார்வையாளர் பெற்றது விலையை அறியும் உரிமை. அவ்விலை பிடிக்காதபோது அதே தெருவில் வேறொருவரிடம் செல்லும் வாய்ப்பை அவ்வுரிமை தரவில்லை. தனியார் ஆதிக்கத்துக்கு மாற்றாக வந்த அரசு நிறுவனமும் நடுநிலை குறித்த புதிய சிக்கலையே எழுப்பியது. ஆகவே வெளிப்படைத்தன்மை நியாயமான சந்தைக்கு இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதுமானதன்று. சேனல், விநியோகம், ஒழுங்குமுறை ஆகிய மூன்றின் உடைமையும் பிரித்து வைக்கப்படும்போதே விலைப்பட்டியல் பார்வையாளருக்குப் பயன்படும் கருவியாகும் என்பதே சென்னை வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவாகும்.