மகளிர் திட்டம்

மகளிர் திட்டம் என்பது பெண்களைச் சுய உதவிக் குழுக்களாகத் திரட்டி, பயிற்சி அளித்து, வங்கிக் கடனோடு இணைக்கும் தமிழ்நாடு அரசின் திட்டம். 1983இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதை நடத்துகிறது. வெளி நிதியில் முளைத்த முயற்சியை மாநில அரசு தன் செலவில் ஏற்று விரிவாக்கியது இதன் சிறப்பு.

தோற்றம்

ஐ.நா. அமைப்பான பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் தொடங்கப்பட்டன. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் பணி பரவியது. தொண்டு நிறுவனங்கள் குழு அமைத்தன. இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. 1992இல் தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை இலக்காகக் கொண்டு குழு–வங்கி இணைப்புத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. 1997–98இல் மாநில அரசின் நிதியில் மகளிர் திட்டம் உருவானது.

செயல்முறை

ஒரு குழுவில் 12 முதல் 20 பெண்கள் இருப்பர். ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் பொறுப்பு வகிப்பர். கூட்டத்தில் சேமிப்பு வசூலாகும், அந்தச் சேமிப்பிலிருந்து யாருக்கு எவ்வளவு, எதற்காக உள்கடன் என்பது பேசி முடிவாகித் தீர்மானப் புத்தகத்தில் ஏறும், எல்லோரும் கையெழுத்திடுவர். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழு தர மதிப்பீட்டுக்கு உரியது. கூட்ட வருகை, சேமிப்பு, உள்கடன் சுழற்சி, கணக்குப் பதிவு ஆகியவை பார்க்கப்படும். அதில் தேறினால், உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுழற்றுவதற்கான சுழல் நிதியும் வங்கிக் கடனும் கிடைக்கும்.

உதவியின் தன்மை

மகளிர் திட்டத்துக்கு முந்தைய ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் கறவை மாடு போன்றவை வாங்க மானியத்துடன் தனிநபர்களுக்குக் கடன் தந்தது. பயனாளித் தேர்வில் குளறுபடி, மானியத்துக்காகவே கடன் வாங்குதல், வாராக்கடன் என அது தடுமாறியது. மகளிர் திட்டத்தில் அரசுப் பணம் பெரும்பாலும் குழு அமைத்தல், பயிற்சி, கண்காணிப்பு ஆகியவற்றுக்குச் செல்கிறது. கடன் தொகை குழுச் சேமிப்பிலிருந்தும் வங்கியிலிருந்தும் வருகிறது. கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் கற்ற குழு, பயிற்சிக்கு வந்த நிதி நின்ற பிறகும் கடன் பெற முடியும்.

விமர்சனங்கள்

எண்ணிக்கை இலக்கை எட்டவும் சுழல் நிதியைக் குறிவைத்தும் அவசரமாகத் தொடங்கிய குழுக்கள் பல செயலிழந்தன. 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் குழுக்கள் வாங்கிய கடன்களின் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. கடன் சுமையை இறக்கினாலும், இத்தகைய தள்ளுபடிகள் திருப்பிச் செலுத்தும் பழக்கத்தைத் தளர்த்தும் என்ற கருத்து உண்டு. தனியார் நுண்நிதி நிறுவனங்கள் பெருகியதால் ஒரே பெண் பல இடங்களில் கடன்படுவதும் நடக்கிறது. இத்தகைய கடன்களின் கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டம் இயற்றியது.

மானியம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே செலவாகிறது என்பதே இத்தகைய திட்டங்களின் பலனைத் தீர்மானிக்கிறது.